மொழி தெரியாம அசாமியப் படம் பாத்து அழுதேன், இது ரசனையா இல்ல வேற ஏதாவதா?

சிறுவாணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற விஷயம், இங்க நெறைய மொழிப் படம் பாக்குறவங்க இருக்கீங்க, அதான் கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

போன மாசம் வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் பாத்தேன். ரீமா தாஸ் எடுத்த அசாமியப் படம், 2017ல வந்தது. கதைன்னு சொன்னா ஒரே வரிதான். துனுன்னு ஒரு பத்து வயசுப் பொண்ணு, அப்பா இல்ல, அம்மாதான் எல்லாம், ஊர்ப் பசங்களோட சேந்து மரம் ஏறி சேத்துல விழுந்து சுத்துவா, தெர்மாகோல்ல கிட்டார் செஞ்சு வாசிக்கிற மாதிரி ஆடுவாங்க, அவளுக்கு நிஜ கிட்டார் ஒண்ணு வேணும். அவ்ளோதான். எழுத்து, கேமரா, எடிட்டிங், தயாரிப்பு எல்லாமே ரீமா தாஸ்தான். சினிமா படிச்சவங்க கிடையாது, நடிக்கலாம்னு மும்பை போயிட்டு அப்புறம் சொந்த ஊரு சாய்காவுக்கே திரும்பி வந்து, அந்த ஊர்ப் பசங்களையே வச்சு மூணு வருஷத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்காங்க. 2018ல அறிவிச்ச தேசிய விருதுல சிறந்த படம் இதுதான், அந்த வருஷம் இந்தியா சார்பா ஆஸ்கருக்கும் இதத்தான் அனுப்புனாங்க.

முடிஞ்சப்ப நான் அழுதுட்டேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்தேன், அப்பவும் அதே. என் கூட ரூம்ல இருக்குற நண்பன்கிட்ட சொன்னேன், அவனும் உக்காந்து பாத்தான், பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னான், அது இன்னும் குத்திட்டு இருக்கு. "புரியாத மொழியில எடுத்தா எல்லாமே கவிதை மாதிரிதான் தெரியும், இதையே நம்ம ஊர்ல தமிழ்ல எடுத்திருந்தா பத்து நிமிஷத்துல மூடிட்டு எந்திரிச்சிருப்ப"ன்னான்.

பதில் சொல்ல முடியல. ஏன்னா கொஞ்சம் உண்மை இருக்கோன்னு எனக்கே தோணுது. நெல் வயல், மழை, சாயங்காலம், கேமரா அசையாம அப்படியே நிக்குது, நான் அதை ரசிச்சுப் பாக்குறேன், தமிழ்ப் படத்துல அவ்ளோ நேரம் ஒரு ஷாட் நின்னா நான் போனை எடுத்திருப்பேனோ? இன்னொண்ணு, அந்த அம்மா பேசுறப்ப நீளமா என்னமோ சொல்றாங்க, கீழ சப்டைட்டில்ல பாத்தா நாலே வார்த்தை வருது, மீதி எங்க போச்சு? சின்ன பட்ஜெட், ஒரே பொம்பள தனியா எடுத்தது, ஏழைக் குழந்தைங்க, இதெல்லாம் தெரிஞ்சதால நானா மார்க் கூட்டிப் போட்டுட்டேனா? அந்த மண்ணுக்கு வெளிய இருக்குற ஒருத்தன் இந்த மாதிரிப் படத்தை நேர்மையா ரசிக்க முடியுமா, முடியும்னா எப்படிப் பாக்கணும்? தயவு செஞ்சு உங்க அனுபவத்தை வச்சு சொல்லுங்க.

பாண்டுபஜார் டு பாண்டு காட்:

ப்ரோ, நான் நாலு வருஷம் குவாஹாட்டில வேலை பாத்தவன், சொந்த ஊர் மதுரைப் பக்கம். இந்தப் படத்தை அங்கதான் அசாம் பசங்களோட ரூம்ல உக்காந்து பாத்தேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

மொதல்ல பேச்சு. சாய்காவ் குவாஹாட்டிக்கு மேற்க, காம்ரூப் பக்கம். பாடப்புத்தகத்துல, டிவி நியூஸ்ல வர்ற அசாமியம் மேல் அசாம் பேச்சை வச்சு வந்தது, கிழக்க சிவசாகர் பக்கத்துப் பேச்சு. காம்ரூப் பேச்சு வேற, அதை மட்டமா நெனச்சு கிண்டல் பண்றவங்க அங்கயும் உண்டு. படத்துல அந்தப் பசங்க பேசுறது அவங்க ஊர்ப் பேச்சுதான். என் ரூம்ல ரெண்டு பேர் அந்தப் பக்கத்துக்காரங்க, படம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல ஒருத்தன் எந்திரிச்சு உக்காந்துட்டான், எங்க பாட்டி பேசுற மாதிரியே பேசுறாங்கடான்னு. அவன் மூஞ்சில இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். டில்லில விருது வாங்குன படத்துல அவன் வீட்டுப் பேச்சு. நம்ம ஊர்ல நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ காமெடிக்கு இல்லாம சீரியஸா வந்தா நமக்கு எப்படி இருக்கும், அந்த மாதிரி. இது எந்த சப்டைட்டில்லயும் வராது, உங்களுக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும்.

அப்புறம் வெள்ளம். நமக்கு வெள்ளம்னா எப்பவோ ஒரு தடவை வர்ற பேரிடர். அங்க வருஷா வருஷம் வரும், வயல்ல நெல்லு நிக்கிறப்ப வரும், போயிட்டு திரும்பவும் வரும். துனு அப்பா வெள்ளத்துலதான் போனார், அவ அம்மா அவளுக்கு நீச்சல் கத்துக் குடுக்குற சீன் இருக்குல்ல, அதை நீங்க அழகா இருக்குன்னு பாத்திருப்பீங்க, நானும் அப்படித்தான் பாத்தேன். என் பக்கத்துல இருந்தவன் அமைதியாயிட்டான். அவனுக்கு அது நிஜமாவே உயிர் காக்குற பாடம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், துனு வயசுக்கு வந்ததும் நடக்குற சடங்கு, அங்க அதுக்கு துலோனி பியான்னு பேரு, பியான்னா கல்யாணம். புதுத்துணி கட்டி, பொம்பளைங்க சுத்தி உக்காந்து, அதுக்கப்புறம் ஊர்ல நாலு பேர் "இனிமே என்ன பசங்களோட மரம் ஏறுறது"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த எடத்துல அந்த ரூம்லயே ரொம்பப் புரிஞ்சு பாத்தது நான்தான்னு நெனைக்கிறேன், ஏன்னா என் அக்காவுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன மறுநாள்லேர்ந்து அவ எங்களோட கில்லி ஆட வரல. அப்ப எனக்கு எட்டு வயசு, ஏன் வரலன்னு யாரும் சொல்லல. நாம வெளியாள்தான், ஆனா எல்லா சீனுக்கும் வெளியாள் கிடையாது ப்ரோ.

காதையும் கொஞ்சம் பழக்குங்க. அசாமியத்துல நம்ம ட, த ரெண்டும் தனித்தனியா இல்ல, நடுவுல ஒரே சத்தமா நிக்கும். ச வரவேண்டிய நெறைய எடத்துல தொண்டைலேர்ந்து காத்து மாதிரி ஒரு ஹ வரும், அசாம்ங்கறதையே ஒஹொம் மாதிரிதான் சொல்வாங்க. இது தெரிஞ்சுட்டா பேச்சு வெறும் இரைச்சலா கேக்காது.

கீழ்வரி:

வணக்கம் சிறுவாணி. நான் சப்டைட்டில் எழுதுறதையே வேலையா செய்யறவ, தமிழ்லேர்ந்து இங்கிலீஷ். மீதி எங்க போச்சுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

ஓடிடி கம்பெனிங்க குடுக்குற விதி பொதுவா என்னன்னா, ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல கூடாது, இங்கிலீஷ்ல ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் 7 வினாடிதான் ஸ்க்ரீன்ல நிக்கலாம். படிக்கிறவங்க வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு அம்மா அடுப்படில நின்னுக்கிட்டு மூச்சு விடாம மகளைத் திட்டுறாங்கன்னு வைங்க, அஞ்சு வினாடில இருபது வார்த்தை பேசிடுவாங்க, அதுல நான் ஏழோ எட்டோதான் கொண்டு வர முடியும். எதை விடணும்னு ஒவ்வொரு தடவையும் மனசு கெடந்து அடிச்சுக்கும். சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் ஒரே அங்கிள் ஆயிடுவாங்க. நீங்கன்னு பேசிட்டு இருந்தவன் கோவத்துல நீன்னு மாறுவான்ல, தமிழ்ல அந்த ஒரு எழுத்துல சண்டையே ஆரம்பிச்சிருக்கும், இங்கிலீஷ்ல யூ, யூ.

அதனால நான் வேற மொழிப் படம் பாக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்வேன். அந்த மொழியில நீ, நீங்க எப்படின்னு மட்டும் தேடித் தெரிஞ்சுக்குவேன். அசாமியத்துல மூணு படி இருக்கு, தொய், துமி, ஆபுனி. தொய் ரொம்ப நெருக்கமானவங்களுக்கும் சின்னவங்களுக்கும், இல்லன்னா மட்டம் தட்டுறப்ப. துமி நடுவுல. ஆபுனி மரியாதைக்கு. கூடவே அம்மா, அப்பா, வா, போ, இல்ல, இந்த மாதிரி ஒரு பத்து வார்த்தை, அரை மணி நேரம் போதும். அப்புறம் பாத்தீங்கன்னா யாரு யாரை எந்த எடத்துல வச்சிருக்காங்கன்னு உங்க காதுக்கே தெரிய ஆரம்பிச்சிடும், கீழ வரியில அது இல்லாட்டியும்.

இன்னொண்ணும் சொல்லணும். சின்னப் படங்கள்ல சப்டைட்டில்தான் கடைசி வேலை, அதுக்குள்ள காசு தீந்திருக்கும். நான் பாத்த வரைக்கும் டைரக்டரோட நண்பர் யாராவது ராத்திரி உக்காந்து போட்டிருப்பாங்க. வசனம் தட்டையா இருக்கேன்னு தோணுச்சுன்னா உடனே படத்து மேல பழி போடாதீங்க. ரெண்டாவது தடவை சப்டைட்டில அணைச்சுட்டுப் பாருங்க, கண்ணு கீழ ஓடாம மூஞ்சிலயே நிக்கும். நீங்கதான் ஏற்கனவே ரெண்டு தடவை பாத்திருக்கீங்களே, மூணாவது அப்படிப் பாருங்க.

நேர்ப்பேச்சு:

எல்லாரும் அன்பா எழுதியிருக்கீங்க, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க நண்பர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். சின்ன பட்ஜெட்டுங்கறதுக்காக கூட்டிப் போடற மார்க்கு அந்தக் கலைஞருக்கு மரியாதை இல்ல. ரீமா தாஸ் படம் நல்லா இருக்குன்னா அது தனியா எடுத்ததால இல்ல, மூணு வருஷம் அதே பசங்களோட இருந்ததால துனு நம்ம கண்ணு முன்னாடி நிஜமாவே வளர்றா, பெரிய யூனிட் வச்சு நாப்பது நாள்ல முடிக்கிற படத்துல அது வரவே வராது. பணம் இல்லாததுதான் அந்தப் படத்தோட வடிவத்தையே உண்டாக்கியிருக்கு. அதைச் சொல்லுங்க உங்க நண்பர்கிட்ட. லொகேஷன் சவுண்டுக்கும் (ஷூட்டிங் எடத்துலயே பதிவு பண்ற சத்தம்) எடிட்டிங்குக்கும் கூட அந்த வருஷம் இதே படத்துக்குத்தான் தேசிய விருது. காதை வச்சுக் கேளுங்க, மழை சத்தம் எவ்ளோ விதமா வருதுன்னு.

ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. வெளியாளு நம்ம கைக்கு வந்து சேர்றது விருது வாங்குன படம் மட்டும்தான், அதுலயும் கிராமம், வறுமை, வெள்ளம். அசாம்காரங்க அவங்களுக்குள்ள எதைப் பாத்து சிரிக்கறாங்கன்னு நமக்குத் தெரியறதே இல்ல. லோக்கல் குங்ஃபூன்னு ஒரு படம், 2013, கென்னி பாசுமதாரி எடுத்தது. மொத்த செலவே 95,000 ரூபாய், லட்சம் கூட இல்ல. சொந்தக்காரங்க, குங்ஃபூ கத்துக்கிட்டவங்கன்னு சேந்து நடிச்ச சண்டைக் காமெடி, தியேட்டர்ல ரிலீஸ் ஆகி ஓடுச்சு. அதையும் பாருங்க. காமெடி மொழி தாண்டாதுன்னு சொல்வாங்க, பாதி ஜோக் எனக்குப் புரியலதான், ஆனா குவாஹாட்டில இருக்கற ஒரு பையன் எங்க டீ குடிப்பான், யாருக்கு பயப்படுவான்னு அந்தப் படம்தான் எனக்குக் காட்டுச்சு. அழவைக்கற படத்தை மட்டும் பாத்துட்டு ஒரு ஊரை ரசிச்சுட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு நான் நெனைக்கறேன்.

ஒசூர் மேடு:

அருமையா போகுது இந்த இழை. நான் ஒசூர், எங்களுக்கு கன்னடம் அரைகுறையா காதுல விழுந்துட்டே இருக்கும், அதனால எனக்கு வேற மாதிரி ஒரு பிரச்சனை. முழுசா தெரியாத மொழிய விட பாதி தெரிஞ்ச மொழி ஏமாத்தும்.

திதின்னு கன்னடப் படம், ராம் ரெட்டி எடுத்தது, 2015ல சுவிட்சர்லாந்துல நடக்கற லொகார்னோ திரைப்பட விழாவுல ரெண்டு விருது வாங்குச்சு. மண்டியா பக்கம் நொதேகொப்பலுன்னு ஒரு கிராமம், நடிச்சவங்க கிட்டத்தட்ட எல்லாருமே அந்தப் பக்கத்து ஜனங்க, கேமரா முன்னாடி நின்னதே இல்லாதவங்க. 101 வயசு செஞ்சுரி கவுடா செத்துப் போயிடறார், பதினோராம் நாள் காரியம் வரைக்கும் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்ன பண்றாங்கங்கறதுதான் படம். மகன் கட்டப்பா, தாடி வச்ச பெரியவர், சொத்து வேணாம் சுகம் வேணாம்னு வயக்காட்டுல நடந்துட்டே இருக்கார், பேரன் தம்மண்ணா நிலத்தை எப்படியாவது வித்துடணும்னு அலையறான்.

முதல் தடவை சப்டைட்டில் இல்லாம பாத்துட்டு எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். நம்ம ப அங்க ஹ ஆகும், புலி ஹுலி, பால் ஹாலு, பல் ஹல்லு, அந்தக் கணக்கை வச்சே ஓட்டிட்டேன். அப்புறம் மண்டியாக்காரர் ஒருத்தர் எங்க கம்பெனில இருக்கார், அவர்கிட்ட பேசினப்பதான் தெரிஞ்சுது நான் விட்டதுதான் அதிகம். தம்மண்ணா அப்பாகிட்ட பேசற எடத்துல எல்லாம் பணிவு மாதிரி எனக்குக் கேட்டது பூரா சலிப்பாம். மண்டியாப் பேச்சுல வசவே செல்லமா வரும், செல்லமே வசவா வரும்னார். மறுபடி பாத்தேன், வேற படம் மாதிரி இருந்துச்சு. அதனால நண்பர்களே, பக்கத்து வீட்டு மொழிக்கும் சப்டைட்டில் போட்டே பாருங்க, அதை விட அந்த ஊர்க்காரர் ஒருத்தரைப் பிடிச்சு டீ வாங்கிக் குடுத்து கேளுங்க.

காவிரிக்கரை வாத்தியார்:

தம்பிகளா, நான் கும்பகோணம் பக்கம், ரிட்டயர் ஆன வாத்தியார். உங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்துதுன்னு சொல்றேன். அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷன்ல ஏதாவது ஒரு மாநில மொழிப் படம் போடுவான், ஒரு வாரம் பெங்காலி, ஒரு வாரம் ஒரியா, ஒரு வாரம் மலையாளம், கீழ இங்கிலீஷ் ஓடும். தமிழ்ப் படம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு தெருவே உக்காந்திருக்கும், வேற மொழின்னா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க. எங்க வீட்டுல என் அம்மா மட்டும் போகமாட்டாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

அப்படிப் பாத்ததுதான் ஜானு பருவாவோட அசாமியப் படம், 1987ல எடுத்தது, ஹலோதியா சொராயே பாவோதான் காய். மஞ்சக் குருவி பாவோ நெல்லைத் தின்னுதுன்னு அர்த்தம், பாவோங்கறது ஆழத்தண்ணில வளர்ற நெல்லு. அந்த வருஷம் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதுக்குத்தான். அதுக்கப்புறம் அசாமுக்கு அந்த விருது மறுபடி கெடைக்க உங்க வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் வரவேண்டியிருந்துச்சு, கிட்டத்தட்ட முப்பது வருஷம். கதை என்னன்னா ஒரு ஏழை விவசாயி, அவன் உழுற நிலத்தை அவங்க அப்பன் அடமானம் வச்சது மீட்கவே இல்லன்னு பணக்காரன் சொல்றான், அது மீட்டாச்சுன்னு காட்ட இவன்கிட்ட காயிதம் இல்ல. ஆபீஸ் ஆபீஸா அலையறான். அதுல நடிச்ச இந்திரா பனியா லொகார்னோவுல சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

என் அம்மா ஒரு வார்த்தை புரியாம அதைக் கடைசி வரைக்கும் பாத்தாங்க. பட்டாவுக்காக எங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தது அவங்களுக்குத் தெரியும்ல. அந்த ஆள் பெஞ்சுல உக்காந்து காத்திருக்கறப்ப, "இன்னிக்கும் ஆபீசர் வரமாட்டான் பாரு"ன்னாங்க. நான் இங்கிலீஷ் படிச்சுக்கிட்டு இருந்தேன், அவங்க அந்த ஆளோட முதுகைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

சிறுவாணித் தம்பி, உங்களுக்கு அம்மா இருந்தா ஒரு தடவை அவங்களோட உக்காந்து பாருங்க.

சிறுவாணிக்காரன்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. எல்லா பதிலையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். வாத்தியார் ஐயா சொன்னது மனசுல நின்னுடுச்சு, ஊருக்குப் போனப்ப அம்மாவோட உக்காந்தேன். அசாமியப் படம் போடலாம்னுதான் நெனச்சேன், என் நண்பன் ஃபன்ட்ரி போடச் சொன்னான் (அவனும் கூட வந்திருந்தான், நேர்ப்பேச்சு எழுதுனதை அவன்கிட்ட காட்டினேன், சத்தமில்லாம படிச்சான்). மராத்திப் படம், நாகராஜ் மஞ்சுளே எடுத்தது, 2013. ஜப்யான்னு ஒரு தலித் பையன், கூடப் படிக்கிற ஷாலு மேல ஆசை, அவன் குடும்பத்துக்கு ஊர்ல பன்னி பிடிக்கிற வேலை, பள்ளிக்கூடப் பசங்க பாக்க அந்த வேலையச் செய்யறதுக்கு அவனுக்கு உயிரே போகுது. அந்தப் பையன் சோம்நாத் அவ்கடேக்கும் நம்ம தங்க மீன்கள் சாதனாவுக்கும் ஒரே வருஷம் சேத்துத்தான் குழந்தை நட்சத்திர தேசிய விருது குடுத்தாங்க.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் சப்டைட்டில தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். கொஞ்ச நேரத்துல கைய அமத்தி "நீ சும்மா இரு சாமி"ன்னாங்க. பன்னிய சுத்தி வளைச்சுட்டு இருக்கறப்ப பள்ளிக்கூடத்துல தேசிய கீதம் ஆரம்பிக்கும், மொத்தக் குடும்பமும் அசையாம நிக்கும், பன்னி போயிட்டே இருக்கும். அம்மா ஒண்ணும் சொல்லல, சேலைத் தலைப்பைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் பன்னிய கம்புல கட்டித் தூக்கிட்டுப் போற பாதையில சுவத்துல அம்பேத்கர் படம் வருது, அம்மா அவர் பேரை மட்டும் வாய்விட்டுச் சொன்னாங்க.

கடைசில பசங்க அந்தக் குடும்பத்தைப் பாத்து ஃபன்ட்ரி ஃபன்ட்ரின்னு கத்துறாங்க. அம்மா சட்டுன்னு திரும்பி என்னப் பாத்து, "ஏஞ்சாமி, பன்றின்னா சொல்றான்?"ன்னாங்க.

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது உறைக்கவே இல்ல. அப்புறம் தேடிப் பாத்தேன், அந்த வார்த்தை மராத்தியே இல்ல, கைக்காடி மொழி, மகாராஷ்டிராவுல கைக்காடி ஜனங்க பேசற திராவிட மொழி, நம்ம பக்கத்து குறவர் பேச்சுக்கு நெருக்கமானது. பன்றிதான் ஃபன்ட்ரி. அங்க ஷாலுவுக்கோ அந்தப் பசங்களுக்கோ அது வேத்து மொழி வார்த்தை, வசவு. அம்மாவுக்கு அது வீட்டு வார்த்தை. ராத்திரி பூரா தூக்கமே வரல எனக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் போடறேன்னு சொல்லியிருக்கேன். குவாஹாட்டி ப்ரோ, அம்மா இப்பவே கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அந்த ஊர்ல வீட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல என்ன குடுப்பாங்கன்னு. என்ன சொல்ல?

பாண்டுபஜார் டு பாண்டு காட்:

தாமோல் பான் ப்ரோ. தாமோல்னா பாக்கு, நம்ம தாம்பூலம்தான் அங்க தாமோல். வெத்தல, சுண்ணாம்பு எல்லாம் நம்மள மாதிரியேதான், ஆனா பாக்கு மட்டும் பச்சையா, இல்லன்னா மண்ணுல பொதச்சு ஊற வச்சு எடுத்துக் குடுப்பாங்க. மொத தடவை போட்டா காதெல்லாம் சூடாகி வேர்த்து தலை சுத்தும், எனக்கு அப்படித்தான் ஆச்சு. அம்மா எப்பவாவது அந்தப் பக்கம் போனாங்கன்னா கால்வாசி மட்டும் வாயில போடச் சொல்லுங்க.